கட்டைவிரல் பதம்

கட்டைவிரல்களைத் தண்ணீரில் தொட்டுக்கொள்கிறார். வெட்டிய மாவு வில்லையைச் சிறிய தகரக் கிண்ணத்தில் வைத்து நடுவில் ஓர் அழுத்து. இரண்டு விரல்களும் கிண்ணத்தைச் சுற்றி வர, மாவு அடியிலிருந்து ஓரத்துக்கு ஏறி, விளிம்பைத் தாண்டி ஒரு நூலளவு நிற்கிறது. உடனே அடுத்த கிண்ணம். லிஸ்பனில் கமோய்ஷ் சதுக்கத்தை ஒட்டியுள்ள மான்தெய்கரீயா கடையில் பஸ்தேல் டி நாட்டா என்ற கஸ்டர்ட் பலகாரம் செய்பவர்கள் வாடிக்கையாளர் கண்ணெதிரேயே வேலை செய்கிறார்கள். அடுப்பிலிருந்து புதிய தட்டு வந்ததும் மணி அடிக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் தட்டைப் பார்த்தார்கள். நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிசைந்த மைதாவை மெல்லிசாகத் தேய்த்து வெண்ணெய் தடவி மடிக்கிறார்கள்; மறுபடி தேய்த்து, தடவி, மடிக்கிறார்கள். கடைசியில் பாய் சுருட்டுவதுபோல இறுகச் சுருட்டிக் குளிரில் வைக்கிறார்கள். குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் அடுக்குகள் சுருள் சுருளாகத் தெரியும். வில்லையின் அந்த முகம் மேலே இருக்கும்படி வைத்து அழுத்தினால்தான் மாவு ஓடு வேகும்போது வளையம் வளையமாக விரிந்து மொறுமொறுக்கும். விரல் தாமதித்தால் கைச்சூட்டில் வெண்ணெய் இளகி அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அடி தடித்தால் வேகாது. கிழிந்தால் கஸ்டர்ட் ஒழுகும். இந்த அளவை எழுதிக் கொடுக்க முடியாது. விரலுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஊர் பேசுவது ரகசியத்தைப் பற்றித்தான். நகரின் மேற்கே, ஆற்றோரம் உள்ள பெலெமில் நீல வெள்ளை ஓடு பதித்த பழைய கடையில், மாவும் கஸ்டர்டும் கலக்கும் அறைக்கே 'ரகசியப் பட்டறை' என்று பெயர். செய்முறை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பக்கத்தில் இருக்கும் ஜெரோனிமோஸ் மடத்தில் பிறந்த பலகாரம் இது. வெள்ளைக்கருவை அங்கிகளுக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளியவைக்கவும் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவில் போர்ச்சுகல் மடங்கள் இனிப்பு செய்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. போர்ச்சுகலில் நடந்த 1820 தாராளவாதப் புரட்சியைத் தொடர்ந்த மாற்றங்களில், 1834இல் மடங்கள் மூடப்பட்டன. பிழைப்புக்காக மடத்தைச் சேர்ந்தவர்கள் அருகிலிருந்த சர்க்கரை ஆலையை ஒட்டிய கடையில் இதை விற்கத் தொடங்கினார்கள். 1837 முதல் அங்கேயே தனித் தயாரிப்பு. பலகாரத்துக்குப் பெலெம் என்ற பெயர் அந்தக் கடைக்கு மட்டுமே உரியது. மற்ற இடங்களில் எல்லாம் நாட்டாதான்.

அதே மடத்துத் தேவாலயத்தில்தான் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. அதன் முன் நின்றபோது, இந்தப் பலகாரத்துக்குக் கடல் தாண்டிப் பொருள் தந்த மற்ற தொழிலாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். சர்க்கரை முதலில் மதேரா தீவிலிருந்தும் பிறகு பிரேசிலிலிருந்தும் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோன அடிமைகளின் உழைப்பு அது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியர், கறுவாப்பட்டை உரிக்கும் குடிகளிடம் பட்டையை வரியாகவே வாங்கினார்கள். நாட்டாவின் மேல் தூவும் பட்டைப் பொடியைப் பற்றிப் பேசும்போது அந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரகசிய அறையைவிட இந்த வரலாறு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

லிஸ்பனின் காம்போ டி ஒரிக்கே பகுதியில், பேக்கரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் வீட்டுச் சமையலறையில் வீட்டு முறையைப் பார்த்தேன். அவர் மகள் மொழிபெயர்த்தார். 12 நாட்டாவுக்கு 6 மஞ்சள் கரு, கால் லிட்டர் பால், 200 கிராம் சர்க்கரை, 30 கிராம் மைதா. சர்க்கரையை 100 மில்லி தண்ணீரில், பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொதிக்கவிட்டு, கம்பிப் பதம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கினார். மைதாவைக் கொஞ்சம் பாலில் கரைத்து, மீதிப் பாலோடு சேர்த்துக் கெட்டியாகும்வரை கிண்டினார். பாகை மெல்லிய தாரையாக அதில் ஊற்றிக் கலக்கி, சூடு ஆறியபின் மஞ்சள் கருவைச் சேர்த்து வடிகட்டினார். மைதா இருப்பதால்தான் அத்தனை சூட்டிலும் முட்டை திரிவதில்லை.

சூடுதான் வீட்டில் சிக்கல். பேக்கரி அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் எரியும். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250ஓடு நின்றுவிடும். "அதனால் அரை மணி நேரம் முன்பே முழுச் சூட்டில் போட்டுவிடுங்கள். கிண்ணத்தில் முக்கால்தான் ஊற்ற வேண்டும். நடுவில் கதவைத் திறக்கக் கூடாது" என்றார் அந்த அம்மா. சர்க்கரையும் பாலும் கடும் சூட்டில் கருகி மேலே கரும்புள்ளிகள் விழும். உள்ளே கஸ்டர்ட் தளதளவென்றே இருக்கும். புள்ளி விழாத நாட்டாவை அவர் வேகாதது என்றே சொன்னார்.

கடையில் வாங்கிய பஃப் மாவில் செய்தாலும் சுருட்டி வெட்டி விரலால் அழுத்துவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுட்ட அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மறுநாள் ஓடு நமுத்துப்போகும்.