உடைந்த கண்ணாடியும் ஊர்ப் பேச்சும்

மீஞ்சூரில் குடியிருப்போர் இரவின் இரைச்சலுக்குப் பழகியவர்கள். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும், கூடூர் இருப்புப்பாதையில் ஓடும் சரக்கு ரயில்களும் அவர்தம் உறக்கத்தைக் கலைப்பதில்லை. ஆகையினாலன்றோ, நம் இல்லத்தின் முன் தெருவோரம் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை எவரோ உடைத்த ஓசை ஒருவர் செவியிலும் விழவில்லை!

காலையில் கண்டபோது இடப்பக்கக் கண்ணாடி இருந்த இடம் வெறுமையாயிருந்தது. காரின் முன்கண்ணாடி, இரு தகடுகளுக்கிடையே மென்படலம் வைத்து ஒட்டப்பட்டதாகையால், விரிசல் விட்டாலும் எளிதில் உதிராது. பக்கக் கண்ணாடியோ சூடேற்றி இறுக்கப்பெற்றது. ஓரிடத்தில் பலமாக அடிபட்டால் முழுவதும் கற்கண்டு போல நொறுங்கிவிடும். கள்வர் இதனை நன்கறிவர். பழைய ஸ்டீரியோவும், வண்டியின் தாள்கள் அடங்கிய பையும் போயிருந்தன.

போனவை சிறியவை. ஆனால் ஏழு மணிக்குள் நம் வாயிலில் கூடிய அன்பர்கள் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டனர். "கடைசி வீட்டுல இருக்கிற வடநாட்டுப் பசங்கதான் சாமி. வேற யாரு?" என்றார் ஒரு பெரியவர். பட்டறைகளில் வேலை செய்யும் ஆறேழு இளைஞர்கள் அவ்வீட்டில் தங்கியுள்ளனர். "கண்டவர் உண்டா?" என வினவினோம். கண்டவர் இல்லை. இருப்பினும் வாலிபர் இருவர் அவ்வீட்டை நோக்கி நடக்கத் தலைப்பட்டனர். அவர்களை நிறுத்திப் பழவேற்காட்டை நினைவூட்டினோம்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்று வாட்ஸாப்பில் பரவிய பொய்யை நம்பி, தெருவில் திரிந்த ஒரு மனிதரை அங்கே ஒரு கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே வாரத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், வழியில் சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்த குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார். பழவேற்காடு நமக்குத் தொலைவன்று. பொன்னேரியைத் தாண்டினால் வந்துவிடும். அடித்தவர் யாவரும் தம் தெருவைக் காப்பதாகவே எண்ணியிருப்பர்.

வாலிபர் திரும்பினர். நாம் எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரின் காமிராப் பதிவையும் அழியுமுன் எடுத்துவைக்கக் கேட்டுக்கொண்டு, புகார் எழுத அமர்ந்தோம். எவர் மீதேனும் ஐயம் உண்டா என்ற வினாவுக்கு, "எவர் மீதும் இல்லை" என்றே எழுதினோம். "விட்டுக்கொடுத்துட்டீங்களே சாமி" என்று வருந்தினார் பெரியவர். இதற்கு நேர்மாறாக, புகார் கொடுப்பதே மன்னிப்புக்கு விரோதம் என எண்ணி வாளாவிருப்போரும் நம் குடும்பங்களில் உண்டு. எழுத்தில் ஏறாத திருட்டு வாய்ப்பேச்சாய் உலவி, முடிவில் ஓர் ஏழையின் தலையில் விழுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சட்டமும் இன்று சற்று எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தெரிவிக்கலாம். மின்னஞ்சல் போன்ற மின்வழியிலும் அனுப்பலாம். மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது நம் உரிமை. மறுத்தால் காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரிக்குத் தபாலில் எழுதலாம்.

ஒன்று மட்டும் வேண்டுகிறோம்: விலையைக் கூட்டி எழுதாதீர்கள். ஐந்நூறு ரூபாய்ப் பொருளை ஐயாயிரம் என்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாயிருந்து, முதன்முறையாகத் தண்டனை பெறுபவர் அப்பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால், அவருக்குச் சமுதாயப் பணியே தண்டனை. வாகனத்தில் உள்ள பொருளைத் திருடுவதற்குக் கடுமையான வேறு பிரிவும் உண்டு. எது பொருந்தும் என்பது நீதிமன்றத்தின் வேலை. நம் பேனா கூட்டும் ஒரு சுழி ஒரு பையனைச் சிறைக்கு அனுப்பிவிடக் கூடும்.

இன்ஷூரன்ஸ் விஷயம் சிறிதே. பிறர்க்கு நேரும் சேதத்திற்கான பாலிசி மட்டும் உடையோர்க்குக் கண்ணாடிக்கு ஒரு காசும் வராது. முழுப் பாலிசி இருப்பினும், உள்ளே வைத்த சொந்தப் பொருள்களுக்குப் பொதுவாக ஈடு இல்லை. கண்ணாடிக்காகக் கோரினால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காக 20 முதல் 50 விழுக்காடு வரை கிடைக்கும் கழிவு போய்விடும். கணக்கிட்டுப் பார்த்துக் கைப்பணத்திலேயே கண்ணாடி மாற்றினோம். தாள்களைப் பற்றிக் கவலையில்லை, டிஜிலாக்கரில் இருந்தன.

அன்று மாலை இருட்டிய பின் அக்கடைசி வீட்டு இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து மூன்று மணியளவில் திரும்புகையில், காருக்கருகே மோட்டார் சைக்கிளில் இருவரைக் கண்டதாக அரைகுறைத் தமிழில் கூறினார். வண்டியின் நிறமும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் அவருக்கு நினைவிருந்தன. காலையில் கூடி நின்றோரைக் கண்டு அஞ்சிப் பகல் முழுதும் கதவைத் திறக்கவில்லையாம். காப்பி கொடுத்து, அவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றோம். பெரியவரும் உடன் வந்தார்.