அத்தை கேட்க ஆளில்லாத வாரம்

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூரில் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரிதான். சனீஸ்வரன் கோயிலுக்கு வரும் உறவுக்கெல்லாம் என் கையால்தான் சாப்பாடு. போன ஆடியில் அந்த அமளியில், என் மாமியார் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சின்னமனூரில் டாக்டரிடம் காட்டினால், வெறும் வயிற்றில் சர்க்கரை 310!

"ஏன் அத்தை நிறுத்துனீங்க?"

"போன்ல போட்டிருந்தான் தாயி. பொடியைத் தின்னா மூணே நாள்ல நோவு போயிருமாம். மாத்திரை வேணாமாம்."

சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் உண்டு. சட்டம் வருவதற்குள் விளம்பரம் அடுப்படிக்கே வந்துவிடுகிறதே!

அத்தையிடம் இருந்தது என் மகன் கொடுத்த பழைய போன். லினக்ஸில் ஓடும் 'செயில்ஃபிஷ்'. "ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல அடைச்சிரலாம்மா" என்றான் மகன். அவன் என் போனில் சொல்லச் சொல்ல, நானே செய்தேன்.

கம்ப்யூட்டர்களின் பெயருக்கு நேரே விலாச எண் எழுதிய பட்டியல்தான் அது. 1970-களில் அமெரிக்காவில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணியின் குழுதான் அப்படியொரு பட்டியலைப் பராமரித்ததாம். 1983-ல் புது முறை வந்தும், பழைய வழக்கம் போனுக்குள் இருக்கிறது. வெளியே விசாரிக்குமுன் போன் இதைத்தான் பார்க்கும். விளம்பரம் அனுப்பும் பெயருக்கு முன்னால் 0.0.0.0 என்று எழுதினால், விலாசமில்லாத கடிதம் மாதிரி அது வந்தே சேராது.

அமைப்புகளில் 'டெவலப்பர் மோடு' திறந்து கடவுச்சொல் வைத்தேன். பழைய கோப்பை நகல் எடுத்தேன். ஏற்கெனவே இருந்த வரிகளைத் தொடாமல், கீழே மகன் அனுப்பிய பட்டியலைச் சேர்த்தேன். மறுநாள் வேண்டிய பக்கம் ஒன்றும் திறக்கவில்லை. அந்த வரியின் முன்னால் # குறி போட்டதும் திறந்தது. ஆண்ட்ராய்டு போனில் இந்தக் கோப்பைத் தொடுவது சுலபமில்லை. 9-ம் பதிப்பு முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' வசதியை அதற்குப் பயன்படுத்தலாம்.

எல்லாம் நின்றுவிடாது, சகோதரிகளே. வீடியோ வரும் அதே பெயரிலிருந்து வரும் விளம்பரத்தை இது தடுக்காது. புதுப் பெயர்கள் முளைக்கும். பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.

முடித்துவிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அத்தை மெதுவாகச் சொன்னார்: "அந்த வாரம் நீ ஓடிக்கிட்டே இருந்த தாயி. ஒங்கிட்டக் கேக்க முடியல. அதான் போன்கிட்டக் கேட்டேன்."

இப்போது ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மாத்திரையை நானே கையில் கொடுத்து, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருகிறேன். பாத்திரம் அப்புறம் கழுவலாம்.