ஹனோயில் கடைசி நாள்

யாத்திரை செய்கிறவர்களுக்குக் கடைசி நாளைப் போல் தொல்லை பிடித்த நாள் வேறு இல்லை. மூட்டை முடிச்சுகளைக் கட்டியாகிவிடும். மனம் பாதி வழி வீட்டுக்குப் போய்விடும். பார்க்காமல் விட்ட இடங்கள் எல்லாம் அப்பொழுதுதான் வரிசையாக நினைவுக்கு வரும். கோடை விடுமுறையில் வியத்நாம் சென்றிருந்த எங்களுக்கும் ஹனோய் நகரத்தில் அந்த நாள் வந்து சேர்ந்தது. விமானம் இரவில்தான். ஆகவே, காலைப் பொழுது என் மனைவிக்கு, பிற்பகல் எனக்கு என்று உடன்படிக்கை செய்துகொண்டோம்.

முதலில் நகரின் நடுவிலுள்ள ஹோன் கியெம் ஏரிக்குப் போனோம். 'திருப்பிக் கொடுத்த வாள்' என்பது அப்பெயரின் பொருள். 15-ஆம் நூற்றாண்டில் சீனர் ஆட்சியை ஒழித்து நாட்டை மீட்ட லே லோய் என்ற அரசன், தனக்கு வெற்றி தந்த தெய்விக வாளை இந்த ஏரியிலிருந்த ஆமையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பது கதை. யுத்தம் முடிந்ததும் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வந்த அரசர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஏரிக்கு வடக்கே பழைய கடைத்தெருக்கள். வெள்ளிக்கு ஒரு தெரு, பட்டுக்கு ஒரு தெரு, காகிதப் பொருள்களுக்கு ஒரு தெரு என்று சரக்கின் பெயரையே தெருவுக்கு வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம் போல் வருகின்றன. நிற்காமலும் ஓடாமலும் மெதுவாக நடந்தால் அவை நம்மை விலகிச் செல்கின்றன. இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. என் மனைவியோ பட்டுக் கடையைக் கண்டதும் ஒரு நொடியில் கற்றுக்கொண்டாள்!

பிற்பகல் என் முறை. உபாத்தியாயன் வேறு எங்கே போவான்? வான் மியெவ் என்னும் கல்விக் கோயிலுக்குத்தான் போனோம். கன்பூஷியஸ் முனிவருக்காக 1070-இல் எழுப்பிய ஆலயம் அது. 1076-இல் அதனுடன் ஒரு கல்லூரியும் தோன்றியது. ஐந்து முற்றங்களில் மூன்றாவதில் ஒரு குளம் இருக்கிறது. அதன் இரு புறமும் கல் ஆமைகள் முதுகில் கல்வெட்டுக்களைத் தாங்கி நிற்கின்றன. அவை மொத்தம் 82. 1442 முதல் 1779 வரை நடந்த மிக உயர்ந்த பரீட்சைகளில் தேறிய 1,300-க்கு மேற்பட்டவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதிர்ஷ்டம் வேண்டி மாணவர்கள் ஆமைத் தலையைத் தடவித் தடவித் தேய்ந்து போகவே, இப்பொழுது வேலி போட்டிருக்கிறார்கள்.

நான் பரவசமாகப் பார்த்துக் கொண்டிருந்தேன். என் மனைவி, "தேறாதவர்களுக்குக் கல் கிடையாதா?" என்று கேட்டாள்.

சிரித்தேன். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. நாங்கள் ஊரிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள், பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய என் மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். "ஸார், மறுபரீட்சைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டான். பெட்டி கட்டும் அவசரத்தில், "பள்ளிக்கூடம் திறக்கட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அவன் போன விதம் இப்பொழுது கண்முன் வந்தது.

கடைசி முற்றத்து மண்டபத்தில் சூ வான் ஆன் என்பவரின் சிலை இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் இக்கல்லூரியின் தலைவராயிருந்தவர். ஊழல் செய்த ஏழு அதிகாரிகளைச் சிரச்சேதம் செய்ய வேண்டுமென்று அரசனுக்கு விண்ணப்பம் எழுதினார். அரசன் கேட்கவில்லை. பதவியை உதறிவிட்டு மலைப்பக்கம் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தார். அவர் காலம் கல்வெட்டுக்களுக்கு முந்தியது. 82 கற்களில் ஒன்றிலும் அவர் தேறியதாகப் பெயர் இல்லை. ஆனாலும் ஊதுவத்தி அவர் முன்னால் புகைந்து கொண்டிருந்தது.

வெளியே வந்ததும், "நாளை ஊருக்குப் போனவுடன் ஓர் இடத்துக்குப் போகவேண்டும்" என்றேன்.

"அந்தப் பையன் வீட்டுக்குத்தானே? நீங்கள் அவனை அனுப்பியபோதே எனக்கு மனசு கேட்கவில்லை" என்றாள்.

மறுபரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கிறேன்.