அழுக மறுக்கும் நிலம்

சதுப்புக்குப் போவதற்கு முன் தன் சொந்தக் காட்டில் ஒரு குழியைக் காட்டியே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். எழுபதைத் தாண்டிய ஃபின்லாந்து வனத்துறைக்காரர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் காரின் பின்பக்கத்தில் மண்வெட்டி கிடக்கிறது.

பைன் மரங்களுக்கு நடுவே முழங்கால் ஆழம் வெட்டினார். மேலே நான்கு விரற்கடைக்கு மக்கியும் மக்காமலும் ஊசியிலைகள், அவற்றைப் பின்னிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழைகள். கீழே சாம்பல் வெளுப்பில் மணல். அதற்கும் கீழே சட்டென்று துருச்சிவப்பு. யாரோ வண்ணம் தீட்டி வைத்ததுபோல் அவ்வளவு துல்லியமான கோடுகள். மக்கும் இலைகளிலிருந்து மழைநீரில் இறங்கும் கரிம அமிலங்கள் மேல்மண்ணின் இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு கீழே போகின்றன. அவை விட்டுப்போன இடம் வெளுக்கிறது, போய்த் தங்கிய இடம் சிவக்கிறது. இந்த மண்ணுக்குப் பொட்சால் என்று பெயர். ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை ஊசியிலைக் காடுகளின் அடியில் பரவலாக இருப்பது இதுதான்.

“இங்கே தண்ணீர் கீழே போகிறது, அதனால் கோடு விழுகிறது. இனிமேல் போகும் இடத்தில் தண்ணீர் எங்கும் போகாது” என்றார்.

அந்த இடம் டொர்ரொன்சுவோ. ஹெல்சிங்கிக்கு வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர், 1990இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இரண்டு பலகைகளை இணையாகப் போட்ட பாதை கண்ணுக்கெட்டிய தூரம் நீள்கிறது. காலை எடுத்து வைத்தால் பலகையோடு சேர்ந்து நிலமே கொஞ்சம் அமிழ்ந்து எழும்புகிறது. மார்பளவு நிற்கும் பைன்களைக் கன்று என்று நினைக்கக்கூடாது, சிலவற்றுக்கு நூறு வயது ஆகியிருக்கும். அவற்றுக்குச் சாப்பாடு இல்லை. இந்தச் சதுப்பின் நடுப்பகுதி மழைநீரையும் காற்றில் வரும் தூசியையும் மட்டுமே நம்பி இருக்கிறது. அடிமண்ணை எட்டவிடாமல் நடுவில் பீட், அதாவது முழுதாக மக்காத பாசியும் செடிகளும் சேர்ந்த படிவு, கிடக்கிறது, சில இடங்களில் 12 மீட்டர் ஆழத்துக்கு. பனிப்பாறைகள் விலகிய பிறகு, சுமார் பத்தாயிரம் ஆண்டுகளில் சேர்ந்தது. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நைட்ரஜனுக்கு வேறு வழியில்லாமல் டிரோசீரா செடி பலகையோரத்தில் கொசுவைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொசுக்களின் எண்ணிக்கையை நினைத்தால் அது இன்னும் சுறுசுறுப்பாக இருந்திருக்கலாம்.

குளிரால்தான் இங்கே எதுவும் அழுகுவதில்லை என்று பலரும் சொல்வார்கள். குளிருக்கும் பங்கு உண்டு. ஆனால் குழி வெட்டிய காட்டிலும் இதே குளிர்தானே? வித்தியாசம் காலடியில் இருக்கும் ஸ்ஃபாக்னம் பாசியில் இருக்கிறது. அதன் உடம்பில் பெரும்பகுதி செத்துப்போன வெற்றுச் செல்கள். அவை காய்ந்த எடையைப் போல இருபது மடங்குவரை தண்ணீரைப் பிடித்துவைக்கும். செல்சுவரில் யூரோனிக் அமிலங்கள் உண்டு. மழைநீரில் வரும் சொற்பக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அவை பற்றிக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியைத் தண்ணீரில் விடுகின்றன. தண்ணீரின் பி.எச். 4 வாக்கில் இறங்கிவிடுகிறது. மற்ற பல செடிகளுக்கு அது தாங்காது, பாசிக்குத் தாங்கும். அக்கம்பக்கத்தாரை வெளியேற்றிவிட்டுத்தான் அது குடியிருக்கிறது.

தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜனும் கிடையாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது, வந்த கொஞ்சத்தையும் மேலே இருக்கும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. இதில் ஒரு நுட்பத்தை வேல்ஸின் பேங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃபிரீமனும் சகாக்களும் 2001இல் எடுத்துக்காட்டினார்கள். ஃபீனால் பொருள்களை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாமல் ஃபீனால்கள் தேங்க, ஆக்சிஜன் தேவைப்படாத மற்ற நொதிகளையும் அவை முடக்கிப்போடுகின்றன. இதை அவர்கள் தாழ்ப்பாள் என்றே அழைத்தார்கள். எல்லாச் சதுப்புக்கும் இது அப்படியே பொருந்துவதில்லை. இரும்பு நிறைய இருக்கும் இடங்களில் கதை மாறுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இங்கே இரும்பு எங்கிருந்து வரும்? அது பைன் காட்டு மணலில் அல்லவா சிவந்து கிடக்கிறது.

தாழ்ப்பாள் போட்டாலும் முழு அடைப்பு இல்லை. ஆழத்தில் மீத்தேன் உண்டாகிறது. கோரைகளின் உள்ளே இருக்கும் காற்றுக்குழல் வழியாக ஒரு பங்கு நேராக வெளியேறுகிறது. பாசி வழியாக வருவதில் கணிசமான பங்கை அங்கேயே வாழும் பாக்டீரியாக்கள் தின்று, கார்பன் டை ஆக்சைடாக்கிப் பாசிக்கே தருகின்றன.

திரும்பும் வழியில் ஒரு பழைய கால்வாய் அருகே காரை நிறுத்தினார். 1970களில் இளைஞராக இருந்தபோது இதுபோன்றவற்றை வெட்டிய குழுவில் அவரும் இருந்தார். ஃபின்லாந்தின் சதுப்புகளில் பாதிக்குமேல் அந்தக் காலத்தையொட்டி மரத்துக்காக நீர் வடிக்கப்பட்டவை. “மரம் வரும் என்றார்கள். வளமான சதுப்புகளில் வந்தது. மற்றதில் கால்வாய்தான் மிச்சம்.” தண்ணீர் இறங்கியதும் ஆக்சிஜன் உள்ளே போகும், தாழ்ப்பாள் திறக்கும், ஆயிரக்கணக்கான வருடத்துக் கார்பன் காற்றில் கலக்கும். பீட் சரிந்து மரவேர்கள் தரைக்கு மேலே எழும்பி நிற்பதைக் காட்டினார். இப்போது தேசியப் பூங்காக்களில் இதே கால்வாய்களை இயந்திரம் வைத்து அடைக்கிறார்கள். அடைத்த முதல் சில வருடங்களில் பாஸ்பரஸ் கரைந்து ஓடைக்குப் போகும், மீத்தேனும் கூடலாம். வெட்டுவதைவிட மூடுவது சிக்கலான வேலை என்பது அவர் கருத்து.

அவர் வீட்டுக் கண்ணாடிக்கூடத்தில் தக்காளி நட்டிருந்தார். செடி வளர்க்க வழக்கமாக வாங்கும் பீட் மூட்டை இல்லை. அதற்குப் பதில் இந்தியாவிலிருந்து வந்த தென்னை நார்க்கழிவுக் கட்டிகள். பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளில் மலையாய்க் குவிந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பீட்டின் அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு கலக்க வேண்டும். நார்க்கழிவில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விரட்டக் கழுவிவிட்டுக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைக்க வேண்டும். ஸ்ஃபாக்னம் செய்யும் அயனிப் பரிமாற்றம்தான், இடம் மட்டும் வேறு.

“கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?” என்று கேட்டார்.

ஒழுங்காகச் சேகரிக்காத ஆலைகளில் நிலத்துக்குள் போய், சுற்றிலும் கிணறுகள் உப்பாகின்றன என்று விவசாயிகள் பல வருடமாக முறையிடுகிறார்கள் என்றேன். கட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தவர், அந்த ஊரில் மழை எவ்வளவு, மண் மணலா களிமண்ணா என்று அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்தார்.