ஒரு கிள்ளுதானே என்று நினைத்தேன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிடும். ஆகஸ்ட் 5 வரை நம் தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். ஊருக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கும் வருவீர்கள். பேத்திக்கென்று கையில் ஏதாவது வாங்கி வருவீர்கள். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பேத்திக்கு இப்போது ஐந்து வயது. அவளுக்கு முந்திரிப்பருப்பு சேராது. நம் பக்கத்தில் அண்டிப்பருப்பு, கொல்லாங்கொட்டை என்று சொல்வதும் அதைத்தான். அதன் குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்தாவும் சேராது. சேராது என்றால் வயிறு உப்பும், சளி பிடிக்கும் என்ற கணக்கில் இல்லை. உயிருக்கே ஆபத்து. இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மகள் சென்னையில் இருந்தாள். பிள்ளை ஒன்றரை வயதில் முந்திரி கேக் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனதாகவும், பரிசோதனை செய்துபார்த்து டாக்டர் முந்திரியே கூடாது என்று சொன்னதாகவும் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தாள். நானும் "சரிம்மா" என்பேன். மனதுக்குள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். நான்கு பிள்ளைகள் பெற்ற வீட்டில் வளர்ந்தவள் நான். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்தவள். எனக்குத் தெரியாதா என்ற எண்ணம்.

அந்த வருடத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். மதினி ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்திருந்தார். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி மாவு, இவ்வளவுதான் நம் ஊர் மக்ரூன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மாடியில் இருந்தாள். தூத்துக்குடியில் பிறந்தவளின் பிள்ளை மக்ரூன் தெரியாமல் வளர்வதா என்று எனக்குத் தோன்றியது. கூம்பின் நுனியை நகத்தால் கிள்ளி வாயில் வைத்தேன். ஒரு கிள்ளுதான்.

ஐந்து நிமிடம்கூட இருக்காது. "ஆச்சி, வாய் அரிக்குது" என்றாள். உதடு தடித்தது. கண் இமை வீங்கியது. கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகச் சிவந்தது. வாந்தி எடுத்தாள். பிறகு இருமல் வந்தது. குரல் மாறிப்போனது. யாரோ எலுமிச்சைச் சாறு கொடு என்றார்கள், யாரோ திருஷ்டி என்றார்கள். மகள் மாடியிலிருந்து ஓடிவந்து பிள்ளையைத் தூக்கியவள், என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்ன கொடுத்தே?"

திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் என் கை நடுங்குகிறது. ஆஸ்பத்திரியில் தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீரானது. ஆனாலும் அன்றிரவு வீட்டுக்கு விடவில்லை. ஒரு தடவை அடங்கிய பிறகு சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்று கூடவே வைத்துப் பார்த்தார்கள். விடியும்வரை மகள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அந்த இரவில் எனக்கு வேறொரு பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது.

1989இல் சத்துணவில் முட்டை சேர்த்தார்கள். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதன் பிறகு சில வருடங்கள் கழித்து, கடலோர ஊர்ப் பள்ளி ஒன்றில் எனக்கு மூன்றாம் வகுப்பு. ஒரு பையன் மட்டும் முட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வான். "ஏலே, கவர்மெண்ட்டு உனக்காகக் கொடுக்குது, ஏன் ஒளிக்கிற?" என்று அதட்டி, பக்கத்தில் நின்று முழுவதையும் சாப்பிட வைத்தேன். அவன் வாந்தி எடுத்தான். முகம் வீங்கியது. மறுநாள் அவன் அம்மா வந்து, "அவனுக்குச் சேராது டீச்சர்" என்றார். கூடையோடு மீன் விற்கப் போகிற வழியில் வந்து நின்ற அந்தத் தாயிடம் நான், "வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவர் திருப்பி ஒன்றும் பேசவில்லை. டீச்சரிடம் என்ன பேசுவது என்று நினைத்திருப்பார்.

அந்தப் பிள்ளைக்கு அன்று மூச்சு அடைக்காமல் போனது என் புண்ணியம். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் அவனுக்கே தெரியும். டீச்சரை மன்னித்துவிடப்பா. உன் அம்மாவிடமும் சொல்.

ஊருக்குத் திரும்பிய மகள் பல மாதம் அளவாகத்தான் பேசினாள். நான் படிக்க ஆரம்பித்தேன். டீச்சர் இல்லையா, படித்தால்தான் மனம் ஆறும்.

முதலில் எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்த செய்தி இதுதான். 1901இல் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போனார்கள். நம் கடலில் சொறி என்போமே, அந்த மாதிரிக் கொட்டும் கடல் பிராணிகளின் விஷத்தை ஆராய்வது அவர்கள் வேலை. பாரிஸ் திரும்பிக் கடற்சாமந்தியின் விஷத்தைக் கொஞ்சமாக நாய்களுக்குக் கொடுத்தார்கள். சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் சில வாரம் கழித்து மறுபடியும் மிகச் சிறிய அளவு கொடுத்ததும், முதல் தடவை தாங்கிய நாய் சில நிமிடங்களில் தவித்து இறந்துபோனது. உடம்பு பழகவில்லை, பகையாக நினைத்து வைத்திருந்தது. 1902இல் இதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த பாடம். நான் "ஒரு கிள்ளுதானே" என்றேன்.

வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். நம் துறைமுக வாசலில் காவலர்கள் லாரிகளைச் சோதித்து உள்ளே விடுகிறார்கள். முந்திரி ஏற்றிவந்த லாரியை ஒருநாள் வெடிகுண்டு லாரி என்று தப்பாகக் குறித்துவைத்தால் என்ன ஆகும்? அடுத்த முறை ஒரே ஒரு மூட்டை வந்தாலும் சங்கு ஊதி, மொத்தத் துறைமுகத்தையும் மூடிவிடுவார்கள். அதுதான் பிள்ளையின் உடம்பில் நடக்கிறது. குற்றம் பருப்பில் இல்லை, பிள்ளையிடமும் இல்லை.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு: இருந்தது. கரப்பான் என்றோம், சூடு என்றோம். என் பெரியம்மா இறால் வேகும் அடுக்களைப் பக்கமே வரமாட்டார். ஆவி பட்டாலே தும்மலும் அரிப்பும். எல்லோரும் கேலி செய்வோம். இறாலில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதம்தான் இதற்கு முக்கியக் காரணம். வேகவைத்தாலும் அதன் குணம் போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயந்துகொண்டு எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு வயதுக்குள்ளேயே நிலக்கடலை உணவைக் கொடுத்துப் பழக்கிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை மிகவும் குறைவாகவே வந்தது. ஆனால் அது ஒவ்வாமை வருவதற்கு முன் கொடுப்பது. வந்த பிறகு வீட்டில் நாமாகக் கொடுத்துப் பழக்குவது விஷப்பரீட்சை. எதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

போன வருடம் மகளுக்கு இங்கேயே மாற்றல் கிடைத்தது. பகலில் பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. மகள் என்னை எதிரே உட்காரவைத்துப் பரீட்சை வைத்தாள். உண்மையாகத்தான் சொல்கிறேன். முதல் அறிகுறி என்ன? ஊசி எங்கே இருக்கிறது? எவ்வளவு மருந்து? வெளிநாட்டில் கிடைக்கும் பேனா மாதிரி ஊசி நம்மூர் மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. அதனால் பிள்ளையின் எடைக்குத் தக்க அளவை டாக்டர் எழுதிக்கொடுத்து, மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றவும் போடவும் எங்கள் இருவருக்கும் பழக்கியிருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். அரிப்புக்குக் கொடுக்கும் சிரப்பை நம்பி நேரம் கடத்தக் கூடாது, மூச்சோ குரலோ மாறினால் ஊசிதான் முதலில், உடனே 108, பிள்ளையை எழுந்து நடக்கவிடக் கூடாது என்று ஒப்பித்தேன். "பாஸ்" என்றாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது கடைக்குப் போனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிறேன். முட்டை, பால், மீன், இறால் வகை, கடலை, கொட்டைப் பருப்புகள் இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. ஆனால் காகிதத்தில் மடித்துத் தரும் மிட்டாய்க்கும், கல்யாணப் பந்திக்கும் லேபிள் ஏது? குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. கேசரியிலிருந்து பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் போதாது. அதே கரண்டி பட்டாலும் ஆகாது.

பேத்தியே இப்போது கேட்கப் பழகிவிட்டாள். போன மாதம் பக்கத்து வீட்டுத் தாத்தா பாயசம் நீட்டினார். "தாத்தா, இதுல முந்திரி இருக்கா? எனக்குச் சேராது" என்றாள். அவர் முகம் சுண்டிப்போனது. இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் சுண்டியிருப்பேன். நம் ஊரில் பாசம் என்றால் வாயில் ஊட்டுவதுதான். வேண்டாம் என்றால் நம்மையே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். எந்தப் பிள்ளைக்கும், பெற்றவர்களைக் கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். ஒரு தாய் "சேராது" என்றால் நம்புங்கள். படித்தவள், படிக்காதவள் என்று பார்க்காதீர்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

திருவிழாவுக்குக் கட்டாயம் வாருங்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போது மக்ரூன் மட்டும் வேண்டாம். பிள்ளைக்கு உடன்குடி சில்லுக்கருப்பட்டி என்றால் உயிர். எங்கே வாங்குவது என்று என்னைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்