கொள்வாரைத் தேடிய கதை

சரக்கை வாங்குதல் எவர்க்கும் எளிது. அதனைக் கொள்வாரைக் காண்பதே அரிது. இவ்வுண்மையை யாம் கற்றது கடைத்தெருவிலன்று. சென்ற கோடை விடுமுறையில், கணினித் திரையில் விரிந்த விண்வெளியிலாம்.

1984-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் 'எலீட்' என்ற விளையாட்டை இயற்றி வெளியிட்டனர். அதன் வழித்தோன்றலாகிய 'எலீட் டேஞ்சரஸ்' 2014-இல் வெளிவந்தது. நமது பால்வீதியையே ஒத்து, ஏறக்குறைய 40,000 கோடி விண்மீன்கள் அதனுள் அமைந்துள்ளன. அவற்றிடையே சரக்கேற்றிச் சென்று விற்றுப் பொருளீட்டுவது ஆடுவோர் தொழில்களுள் ஒன்று.

எம் தம்பி ஒரு திங்கள் முயன்று அதிற் பெரியதொரு சரக்குக் கலம் வாங்கியிருந்தான். அவன் வெளியூர் சென்ற இரு நாளும் அதனைச் செலுத்த எமக்கு இசைவளித்தான். யாமோ, சுரங்க நிலையமொன்றில் பாக்சைட்டு மலிந்திருக்கக் கண்டு, கையிருப்பு முழுவதையும் கொடுத்துக் கலத்தை நிரப்பினோம். அடுத்த நிலையமும் சுரங்க நிலையமே. அங்கும் அதுவே குவிந்து கிடந்தது. அதற்கடுத்தது உழவு நிலையம். அங்கு அதனை வேண்டுவாரில்லை. நட்டத்துக்கு விற்கவும் மனம் வரவில்லை. இங்ஙனம் அலைகையில் கொள்ளைக்காரன் ஒருவன் எதிர்ப்பட்டான், கலம் அழிந்தது. அதனை மீண்டும் பெற, விலையில் நூற்றுக்கு 5 பங்கு செலுத்தல் வேண்டும். அதுவும் எம்மிடம் இல்லை. கலம் போயிற்று.

திரும்பி வந்த தம்பி சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தான். அம்மௌனம் வசையினும் கொடிதாயிருந்தது. பின்னர், "அண்ணா, மலிவு எங்கே என்று பார்த்தீர்கள், தேவை எங்கே என்று பார்க்கவில்லையே!" என்றான்.

அன்று மாலையே, ஆட்டம் இலவசமாய்த் தரும் 'சைட்வைண்டர்' என்னுஞ் சிறு கலத்தில் இருவரும் மீளத் தொடங்கினோம். கனிமத்தை உருக்காலைகள் வேண்டும். உலோகத்தை இயந்திரத் தொழில் நிலையங்கள் வேண்டும். சந்தைப் பட்டியலில் விலையை மட்டுமன்றி, எத்தனை டன் வேண்டப்படுகின்றது என்பதையும் நோக்கல் வேண்டும். ஏனெனில் விற்க விற்கத் தேவை தணிந்து விலையும் இறங்கும். இவற்றையெல்லாம் எம்மினும் ஆறாண்டு இளையவனிடம் கேட்டறிந்தோம். விடுமுறை முடியுமுன் இழந்ததையொத்த கலமொன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்தோம்.

பட்டம் பெற்று வெளியேறவிருக்கும் எமக்கு இப்பொழுது ஓர் ஐயம் எழுகின்றது. இம்மூன்றாண்டும் யாம் நிரப்பிக்கொண்ட சரக்கு யாருக்கு வேண்டும்? அதனை இப்பொழுதேனும் கேட்கத் துணிந்தோம். அவ்வளவில் தம்பிக்கு நன்றி.