முத்துவுக்கு நான்கு பெயர்கள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பூனை குறுக்கே போனால் காரியம் கெட்டுவிடும் என்று பாதி வழியில் வீடு திரும்புகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நம் முன்னோர் எல்லாரும் பூனையை வெறுத்தவர்கள் அல்லர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மையே ஒப்பிட்டு அவையடக்கம் பாடினார் கம்பர். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பத்தில், முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று உண்டு. அதன் காலடியில் எலிகள்! இதையெல்லாம் எங்கள் தமிழாசிரியை சொன்ன நாளில், எங்கள் வீட்டுப் பூனை முத்துவை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முத்து சாதாரண நாட்டுப் பூனைதான். வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத் திட்டாக இருக்கும். மூன்று நிறம் கொண்ட பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும். கறுப்பையும் செம்மஞ்சளையும் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இரண்டு நிறமும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். இது எங்கள் அறிவியல் சிஸ்டர் சொல்லித் தந்தது.

2019ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் தாத்தா மீன்பிடித் துறைமுகத்திலிருந்து சாளை மீன் வாங்கி வந்தார். மீன் கூடையைவிடப் பத்திரமாக அவர் சட்டைப் பைக்குள் ஒரு குட்டி இருந்தது. "தூத்துக்குடியிலே கிடைச்சதுக்கு முத்துன்னுதானே பேர் வைக்கணும்?" என்றார். அன்றிலிருந்து அவருடைய சாய்வு நாற்காலியில் பாதி இடம் முத்துவுக்கு. 2022இல் தாத்தா எங்களை விட்டுப் பிரிந்தார். அதன் பிறகு அந்த நாற்காலி முழுவதும் முத்துவுக்கே உரியதாயிற்று. ஆச்சி ஒவ்வொரு மாலையும் அதன் அருகில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய செய்திகளை எல்லாம் முத்துவிடம் சொல்லுவார்கள். அவர்கள் முத்துவிடம்தான் பேசினார்களா, நாற்காலியிடம் பேசினார்களா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை. அன்று தீபாவளி. எங்கள் தெருவில் எல்லா மதத்தாரும் உண்டு. எல்லார் வீட்டிலிருந்தும் எங்களுக்குப் பலகாரம் வந்தது. சாயங்காலம் தெருமுனையில் ஆயிரம் வாலா ஒன்று வெடித்தது. மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000க்கும் மேலே கேட்கும். நமக்கே காதைப் பொத்தத் தோன்றும்போது அந்தச் சிறு பிராணிக்கு எப்படி இருந்திருக்கும்! சுவர்மேல் படுத்திருந்த முத்து ஒரே தாவலில் மறைந்தது. இரவு ஒன்பது மணிக்குச் சோறு வைத்து அழைத்தோம். வரவில்லை. பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஆச்சி வாசல் விளக்கை அணைக்க விடவில்லை.

மறுநாள் சகல புனிதர் திருநாள். திருப்பலி முடிந்ததும் அறிவியல் சிஸ்டரைக் கண்டு சொன்னேன். "தூரமாகப் போய்த் தேடாதே. முதலில் பக்கத்திலேயே தேடு" என்றார்கள். காணாமற்போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, திரும்பக் கிடைத்தவற்றில் நான்கில் மூன்று பங்கு 500 மீட்டருக்குள்ளேயே இருந்தனவாம். பயந்த பூனை ஓடிக்கொண்டே இருக்காது. கிடைத்த பொந்தில் ஒடுங்கிக் கிடக்கும். உரியவர் கூப்பிட்டாலும் சில வேளை குரல் கொடுக்காது. ஆகவே கூப்பிடுவது மட்டும் போதாது, குனிந்து பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் விளக்கினார்கள்.

அரசு அன்று விடுமுறை விட்டிருந்தது வசதியாயிற்று. தம்பியும் நானும் வண்ணப் பென்சிலால் முத்துவின் படம் வரைந்து, அப்பாவின் தொலைபேசி எண்ணையும் எழுதி, பன்னிரண்டு அறிவிப்புகள் தயாரித்தோம். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினோம். பதினைந்து வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். ஆனால் பாதி வீடுகளின் படியைக்கூட நான் அதுவரை மிதித்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

முதலில் போனது தெருமுனை மிட்டாய்க் கடைக்கு. படத்தைப் பார்த்த அண்ணாச்சி, "ஏ பிள்ள, நம்ம மக்ரூனையா தேடுத?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊர் மக்ரூனுக்கு முந்திரியும் சீனியும் முட்டையின் வெள்ளைக் கருவும்தான் வேண்டும். மிஞ்சும் மஞ்சள் கருவில் ஒரு துளி, தினமும் காலை பதினோரு மணிக்கு, பின்வாசலில் காத்திருக்கும் 'மக்ரூனு'க்காம்! அவர் அன்று காலையும் கிண்ணத்தை வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்.

அடுத்து பாய் வீடு. அங்கே உம்மம்மா கட்டிலை விட்டு அதிகம் எழுந்து நடமாட முடியாதவர்கள். "நம்ம ராசாத்தியக் காணோமா? அதானே, நேத்து அசருக்குப் பொறவு அவ வரலியே!" என்று பதறினார்கள். நபிகளின் தோழர் ஒருவருக்கு அபூ ஹுரைரா என்று பெயர், அதற்குப் 'பூனைக்குட்டியின் தந்தை' என்று பொருள் என எனக்குச் சொன்னதும் அவர்களே. தினமும் பிற்பகலில் அவர்கள் கால்மாட்டில் வந்து படுப்பாளாம் எங்கள் முத்து.

அதற்கும் அடுத்த வீட்டில், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது சோழியல்லவா?" என்றார். மேலே திட்டுத் திட்டாக இருப்பதால் அந்தப் பெயராம். மாலை நாலு மணிக்குத் தாம் காப்பி குடிக்கும்போது சோழிக்கு ஒரு சிறு தட்டில் பால் வைப்பது வழக்கம் என்றவர், சற்றுத் தயங்கி, "நாள் முழுவதும் நான் வாய் திறந்து பேசுவது அந்தப் பத்து நிமிடம்தான், அம்மா" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் முத்து எங்களுக்கு மட்டுமே உரியவள் என்று நினைத்திருந்தேன். ஆனால் சார் வீட்டு வராந்தாவில் கழுவிக் கவிழ்த்திருந்த அந்தச் சிறு தட்டைக் கண்டதும் பொறாமை எங்கோ போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, நான்கு வீட்டில் ஒரு பிள்ளை காணாமற்போயிருந்தாள்.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். தாத்தாவின் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். செபம் முடிந்து எல்லாரும் கிளம்பினோம். ஆச்சி மட்டும் நகரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே அவர்கள் கஞ்சிக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை. "என்ன ஆச்சி?" என்றேன். "ஒண்ணுமில்ல மக்கா. நீங்க குடுத்துட்டுப் போனதை என்னால பாத்துக்கிட முடியலைன்னு சொல்லிட்டிருக்கேன்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு, முத்து கிடைக்கும்வரை தேடுவதை விடுவதில்லை என்று எனக்குள் உறுதி செய்துகொண்டேன்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் இரவு பதினொரு மணிக்கு அப்பாவும் நானும் டார்ச் விளக்குடன் புறப்பட்டோம். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதனால்தான் இருளில் வெளிச்சம் பட்டால் அதன் கண் ஒளிர்கிறது. பகலில் கண்ணில் படாத பூனை இரவில் அகப்படுவது இதனாலேயே. வண்டிகளின் அடியிலும், ஓடைப் பாலத்தின் கீழும், விறகு அடுக்குகளின் இடையிலும் வெளிச்சத்தைச் செலுத்தினோம். பதினொரு சோடிக் கண்கள் ஒளிர்ந்தன. பதினொன்றும் வேறு பூனைகள்! எங்கள் தெருவில் இத்தனை ஜீவன்கள் பசியோடு படுத்திருக்கின்றன என்பதை அன்றுதான் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு நாங்கள் இருவர் மட்டும் இல்லை. மிட்டாய்க் கடை அண்ணாச்சி வந்தார். பாய் வீட்டு அண்ணன், உம்மம்மா அனுப்பினார்கள் என்று வந்தார். சாரும் கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு, கையில் பால் தட்டுடன் வந்துவிட்டார். அவர்தான் கணக்கு ஆசிரியருக்கே உரிய முறையில் கேட்டார்: "எல்லா வீட்டையும் பார்த்தாயிற்று என்கிறீர்கள். பூட்டிய வீட்டைப் பார்த்தீர்களா?"

ஆம்! ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே இருப்பவர்கள் தீபாவளியன்று மாலையே கோயம்புத்தூருக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி வெளிக்கதவுச் சாவியைச் சாரிடம் கொடுத்திருந்தார்கள். கொல்லைப்புறத்தில் கிணற்று மோட்டார் அறை. தகரக் கதவு, அதில் ஒரு பூட்டு, மேலே ஒரு சிறிய காற்றுத் துவாரம். அண்ணாச்சி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட, நான் ஏறி நின்று துவாரத்தின் வழியே விளக்கை அடித்தேன். மோட்டாருக்குப் பின்னால் இரண்டு பச்சைப் பொட்டுகள்! "முத்து!" என்றேன். அது வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

அறைச் சாவி சாரிடம் இல்லை. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அப்பா தயங்கித் தயங்கிக் கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் அந்த வீட்டு அக்கா, "என்ன சார் இதுக்குப் போய்க் கேட்டுக்கிட்டு? பூட்டை உடைச்சிருங்க!" என்று சொன்னது எங்கள் அனைவருக்கும் கேட்டது. சுத்தியலின் மூன்றாம் அடியில் பூட்டு தெறித்தது.

அவள் நடந்து வரவில்லை. வெடிக்குப் பயந்து உள்ளே ஒதுங்கியவள், அவர்கள் அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனதும் அகப்பட்டுக்கொண்டாள் போலும். துவாரத்தின் வழியே வழிந்த மழைத் தண்ணீர் தரையில் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. அதுவே அவள் உயிரைக் காத்திருக்க வேண்டும். எடுத்தபோது பஞ்சுபோல் கனமற்று இருந்தாள். சாரின் தட்டை நீட்டினோம். நக்கவில்லை. ஆச்சியின் மடியில் கொண்டுபோய் வைத்தோம். சிறிது நேரம் கழித்து, ஆச்சியின் விரலில் தொட்ட கஞ்சித் தண்ணீரை நக்கினாள். அதன் பிறகுதான் ஆச்சியும் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை அப்பா கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். பூனை நாட்கணக்கில் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகக்கூடும். ஆகவே ஒரேயடியாக ஊட்டாமல் சிறிது சிறிதாக, பல வேளையாகக் கொடுங்கள் என்றார் மருத்துவர். பல வேளை என்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. காலையில் நாங்கள், பதினோரு மணிக்கு அண்ணாச்சி, பிற்பகல் உம்மம்மா, நாலு மணிக்குச் சார் என்று நான்கு வீட்டார் முறை வைத்துக்கொண்டோம். இரண்டு வாரத்தில் முத்து மறுபடியும் சுவர் ஏறினாள்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பிராணி காணாமற்போனால் மனம் தளராதீர்கள். பக்கத்தில் தேடுங்கள், குனிந்து தேடுங்கள், இரவில் விளக்கெடுத்துத் தேடுங்கள், பூட்டிய அறைகளை மறக்காதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டுங்கள். நான் தட்டியபோது எந்தக் கதவும் திறக்காமல் இருக்கவில்லை. இப்போதெல்லாம் பள்ளி விட்டு வரும் வழியில் சார் வீட்டில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து கணக்குக் கேட்கிறேன். உம்மம்மாவுக்கு ஆச்சி வாரம் ஒருமுறை மீன் குழம்பு கொடுத்து அனுப்புகிறார்கள்.

முத்துவின் கழுத்தில் இப்போது ஒரு சிறு பட்டை இருக்கிறது. பட்டை வாங்கி வந்த அன்று அதில் பெயரை எழுத நான் பேனாவை எடுத்தேன். ஆச்சி தடுத்துவிட்டார்கள். "நம்பரை மட்டும் எழுது மக்கா. பேரு வேண்டாம். நாம ஒண்ணை எழுதினா மத்த மூணு வீட்டுக்கும் மனசு கஷ்டப்படும்லா?"